ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு வீட்டுப் பிள்ளை பிஎச்.டி. சேர்ந்தால், முதல் இரண்டு வருடம் சொந்தக்காரர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது வருடத்திலிருந்து கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை பேப்பர் போட்டிருக்கே?" சர் தியாகராயா கல்லூரியிலும் பாரதி மகளிர் கல்லூரியிலும் படித்துவிட்டு கைடு தேடும் மாணவர்களும் முதலில் விசாரிப்பது அதைத்தான். மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கஷாய வீடியோகூட "200 ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய விஞ்ஞானி சொல்கிறார்" என்றுதான் ஆரம்பிக்கிறது.

எண்ணிக்கை ஒன்றுமே சொல்லாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நோயெதிர்ப்பியல், மூலக்கூறு உயிரியல் இரண்டிலும் அது சொல்வது மிகக் கொஞ்சம். காசிமேட்டில் கூடையை மட்டும் எண்ணி யாரும் விலை பேசுவதில்லை; உள்ளே வஞ்சிரமா நெத்திலியா என்று பார்த்த பிறகுதான் பேச்சே. கட்டுரைப் பட்டியலையும் அப்படி உள்ளே பார்த்துப் படிக்கலாம். அதற்கு அந்தத் துறையில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. உயிர் மருத்துவக் கட்டுரைகளின் விவரம் பெரும்பாலும் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட்டில் கிடைக்கிறது. 1997 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

பட்டியலில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயர்கள், தலைப்பு, இதழ், வருடம், பக்கம். இதில் நிறையப் பேசுவது பெயர்களின் வரிசை. கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசையில் போட்டுவிடுவார்கள், அதில் படிக்க ஒன்றுமில்லை. உயிர் மருத்துவத்தில் முதலில் நிற்பவர் சோதனைகளைக் கையால் செய்தவர், அனேகமாக பிஎச்.டி. மாணவர் அல்லது பிஎச்.டி. முடித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை செய்யும் போஸ்ட் டாக். கடைசியில் நிற்பவர் ஆய்வகத் தலைவர். கேள்வி, நிதி, இடம் எல்லாம் அவர் பொறுப்பு. பெயருக்கு மேல் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அவர்தான் கரஸ்பாண்டிங் ஆத்தர், கட்டுரையில் தப்பு என்று யாராவது எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர்.

நடுவில் இருக்கிறவர்கள்? நோயெதிர்ப்பியலில் இந்த நடுப்பகுதி நீண்டுகொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காசநோயாளியின் ரத்தத்தில் டி செல்கள் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சம்மதம் வாங்க ஒருவர் வேண்டும். எடுத்த ரத்தத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வெள்ளணுக்களைப் பிரிக்க இன்னொருவர். அப்புறம் ஃப்ளோ சைட்டோமெட்ரி: குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடிகளில் ஒளிரும் சாயத்தை இணைத்து, அவற்றைச் செல்களில் ஒட்டவைத்து, ஒவ்வொரு செல்லாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு எண்ணும் கருவி. அதை ஓட்டத் தனித் திறமை வேண்டும். கணக்குப் பார்க்கப் புள்ளியியலாளர். இப்படி 12 பேர், 15 பேர் சேர்வது சாதாரணம். இவ்வளவு பேரைச் சேர்த்தாலும், வீடு வீடாகப் போன களப்பணியாளரின் பெயர் பெரும்பாலும் கடைசிப் பக்க நன்றியுரையில்தான் இருக்கும். ரத்தம் கொடுத்தவர் ஓர் எண்.

ஆகவே ஒருவருக்கு 80 கட்டுரை என்றால், எத்தனையில் முதல் பெயர், எத்தனையில் கடைசிப் பெயர் என்று பிரித்துப் பாருங்கள். முதல் இடத்திலிருந்து சில வருடங்களில் கடைசி இடத்துக்கு நகர்வதுதான் இங்கே உண்மையான பதவி உயர்வு. 15 வருடம் கழித்தும் ஒருவர் நடுவிலேயே இருந்தால் அவர் திறமையில்லாதவர் என்று அர்த்தமில்லை. கருவி நிபுணர்களும் புள்ளியியலாளர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் கைடு தேடும் மாணவிக்கு இன்னொரு விஷயம் முக்கியம்: கைடு கடைசியில் நிற்கும் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது? அவருடைய மாணவர்களின் பெயர்கள் மாறி மாறி வருகின்றனவா, இல்லை ஒரே ஒருவரின் பெயரா? இதை எந்தப் பட்டியலும் எண்ணிச் சொல்லாது. பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயர்கள் குறைவாக இருந்த காலமும் உண்டு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜியில் ஐந்து பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார்கள். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டிய கட்டுரை. அதிலிருந்து வந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பவர், அது நம்பத் தகுந்ததா என்று அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார். பதவி உயர்வுப் படிவத்தில் எழுதினால் அதுவும் ஒன்றே ஒன்று.

கட்டுரை வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய தரவோடு வருவது மூல ஆய்வு. மற்றவர்கள் செய்ததைத் தொகுப்பது ரிவ்யூ. ஒரு நோயாளியின் அபூர்வமான நிலையை விவரிப்பது கேஸ் ரிப்போர்ட். இதழ் ஆசிரியருக்கு எழுதும் கடிதமும் பட்டியலில் ஏறும். ரிவ்யூவுக்கு மேற்கோள்கள், அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அதைச் சுட்டிக்காட்டுவது, கொட்டும், ஏனென்றால் முன்னுரை எழுதுகிறவர்களுக்கு அது வசதி. எச்-இண்டெக்ஸ் என்று 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த எண் (ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் எண் 20) இந்த வேறுபாடுகளைப் பார்ப்பதே இல்லை. முதல் பெயரா நடுப் பெயரா என்றும் அதற்குத் தெரியாது. இம்பாக்ட் ஃபேக்டர் ஓர் இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் மேற்கோள்களின் சராசரி; கட்டுரை எழுதியவரைப் பற்றி அது பேசவே இல்லை. இந்த இரண்டு எண்களுக்கும் கொடுக்கப்படும் மரியாதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது.

நம்மவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு தலைவலி இனிஷியல். செல்வி என்று ஓர் ஆய்வு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுந்தரம். உள்ளூர் இதழில் முதல் கட்டுரை வரும்போது அவர் "செல்வி எஸ்". பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொல்கிறார்கள், "செல்வி சுந்தரம்" ஆகிறார். வெளிநாட்டு ஆய்வகத்தில் சேர்ந்து கட்டுரை போட்டால், கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு பப்மெட் "சுந்தரம் எஸ்" என்று ஏற்றுகிறது. இடையில் கல்யாணமாகி, கணவர் பெயர் பிரபு என்பதால் ஒரு கட்டுரையில் "செல்வி பி". இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நாலைந்து கட்டுரை. மற்ற ஆய்வாளர்கள் "சுந்தரமும் குழுவினரும் காட்டியபடி" என்று மேற்கோள் காட்டுவார்கள். சோதனைக் குழாயைத் தொட்டே பார்க்காத அப்பா நோயெதிர்ப்பியலில் பிரபலமாகிவிடுவார்.

மறுபக்கமும் உண்டு. "குமார் எஸ்" என்று தேடினால் வரும் ஆயிரக்கணக்கான கட்டுரைகளும் ஒரே மனிதர் எழுதியவை இல்லை. பப்மெட் முழு முதற்பெயர்களைப் பதிவு செய்ய ஆரம்பித்ததே 2002-ல்தான்; அதற்கு முந்தைய கட்டுரைகளில் எழுத்து மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே ஒரு தமிழ் ஆய்வாளரின் பட்டியல் மெலிந்து தெரிந்தாலோ நம்ப முடியாத அளவுக்குப் பருத்துத் தெரிந்தாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயரை. இதற்கு மருந்தாக வந்தது ஆர்கிட் (ORCID) எண். 2012-ல் தொடங்கிய இந்த 16 இலக்க அடையாளத்தை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. முதல் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. பிறகு உட்கார்ந்து பழையதைச் சேர்ப்பது பெரிய வேலை.

பெயரே இல்லாத கட்டுரைகளும் இருக்கின்றன. சென்னையின் மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் இது முக்கியமான விஷயம். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்பது அன்றைய கேள்வி. நகரத்தின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டார்கள். வீட்டுச் சிகிச்சை குறைந்ததில்லை என்று 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் கட்டுரை வந்தது. உலகம் முழுக்க காசநோய்ச் சிகிச்சையின் போக்கு மாற அது ஒரு காரணம். அந்தக் கட்டுரையை எழுதியவர் என்ற இடத்தில் இருப்பது மையத்தின் பெயர். உள்ளே வேலை செய்த டாக்டர்களின், நர்ஸ்களின் சொந்தப் பட்டியலில் அது வராது.

அடுத்தது நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில், காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியின் சோதனை தொடங்கியது. சுமார் 2,60,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, ஒரு பகுதியினருக்கு வெறும் ஊசி. 1979-ல் முதல் அறிக்கை வந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள்: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. 15 வருடத் தொடர் கண்காணிப்பின் முடிவு 1999-ல் வந்தது, அதுவும் அதையே சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோய் போன்ற கடுமையான வடிவங்களிலிருந்து அது பாதுகாப்பு தருவதால், இன்றும் பிறந்த குழந்தைக்கு இடது தோளில் அந்த ஊசி போடப்படுகிறது. 30 வருட உழைப்பில் முக்கியமான கட்டுரைகள் கைவிரல் எண்ணிக்கைதான். முடிவும் "இல்லை" என்ற முடிவு. அதிலும் எழுதியவர் பெயராக இருப்பது சோதனையின் பெயர் அல்லது மையத்தின் பெயர். ஆனால் பிசிஜி ஏன் ஓர் ஊரில் வேலை செய்து இன்னோர் ஊரில் செய்வதில்லை என்று இன்று நோயெதிர்ப்பியலில் நடக்கும் விவாதம் எதுவும் திருவள்ளூரைத் தொடாமல் போவதில்லை.

ஒரு பட்டியலில் எனக்குப் பிடித்த பகுதி, ஒரு கேள்வி வருடக்கணக்கில் தொடர்ந்து வருவதைக் கண்டுபிடிப்பது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 1992-ல் ஒரு கட்டுரை: முதல் பெயர் யசுமசா இஷிடா, கடைசிப் பெயர் டசுக்கு ஹோஞ்சோ. செல்கள் தாமாகச் சாகும்போது எந்த மரபணு இயங்குகிறது என்று தேடப்போனவர்களுக்கு பிடி-1 என்ற மூலக்கூறு கிடைத்தது. அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது தெரியாது. 1999-ல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளைப் பார்த்தபோது, அவற்றின் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்தது. அதாவது பிடி-1 ஒரு பிரேக். அதைத் தளர்த்தினால் எதிர்ப்பு சக்தி புற்றுநோயைத் தாக்குமே என்ற யோசனையிலிருந்து வந்த மருந்து 2014-ல் விற்பனைக்கு வந்தது. 2018-ல் நோபல் பரிசு; சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கில் வேலை செய்த ஜேம்ஸ் ஆலிசனும் ஹோஞ்சோவும் பகிர்ந்துகொண்டார்கள். பரிசு கடைசிப் பெயருக்குப் போனதைக் கவனியுங்கள்.

இதே இரண்டு மூலக்கூறுகளும் 2009-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு கட்டுரையின் தலைப்பில் இருக்கின்றன. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் நோய், வடசென்னையில் வயதானவர்களுக்குத் தெரியாத நோய் இல்லை. காசநோய்க் கிருமி உடம்பில் பதுங்கியிருப்பவர்களும் இங்கே ஏராளம். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும்? யானைக்கால் புழு இருப்பவர்களின் டி செல்கள் காசநோய்க் கிருமிக்கு எதிராகச் சுணங்குகின்றன, அதற்கு சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற பிரேக்குகள் ஒரு காரணம் என்று அந்த ஆய்வு காட்டியது. புற்றுநோய் ஆய்வாளர்கள் தளர்த்தப் பார்த்த பிரேக்கை இங்கே ஒரு புழு அழுத்திப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுரை நம் ஊர் ரத்தத்திலிருந்துதான் வர முடியும். ஒருவரின் பட்டியலைப் பார்க்கும்போது "இவர் கேட்கும் கேள்வி இந்த ஊரில் மட்டுமே கேட்கக்கூடியதா?" என்று நான் பார்ப்பது வழக்கம். எந்த ஊரில் இருந்தாலும் எழுதக்கூடிய கட்டுரைகளாகவே ஒரு பட்டியல் நிறைந்திருந்தால் எனக்கு ஆர்வம் குறைந்துவிடும். இது என் சாய்வு, ஒப்புக்கொள்கிறேன்.

சில வருடம் கட்டுரையே வராத இடைவெளிகளை அவசரப்பட்டுக் குறை சொல்லக் கூடாது. மரபணு நீக்கிய எலியை உருவாக்கிப் பெருக்க மாதங்கள் ஓடும். மனிதர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கு வருடங்கள். உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோவுக்கு 1995-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கம் கிடைத்தது. ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் எழுதிய முக்கியக் கட்டுரை இம்யூனிட்டி இதழில் 2005-ல் வந்தது: புரதம் செய்யச் செல்லுக்குக் குறிப்பு கொடுக்கும் ஆர்என்ஏவின் ஒரு பகுதியை லேசாக மாற்றிவிட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்துப் பதறாது. கோவிட் தடுப்பூசிகள் வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தார்கள். 2023-ல் நோபல்.

இனி சந்தேகப்பட வேண்டிய இடங்கள். மூலக்கூறு உயிரியலில் வெஸ்டர்ன் பிளாட் என்ற முறை உண்டு. புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை ஆன்டிபாடி மூலம் கறுப்புப் பட்டையாகத் தெரியவைப்பார்கள். ஒரு பட்டை இன்னொன்று மாதிரியே இருப்பதால், ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு வேறு சோதனை என்று காட்டும் வேலையும் நடக்கிறது. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 20,621 கட்டுரைகளின் படங்களைப் பார்த்து 2016-ல் எழுதினார்கள்: 3.8 சதவீதத்தில் படங்கள் பிரச்சினைக்குரியவை, அவற்றில் குறைந்தது பாதி வேண்டுமென்றே செய்ததாகத் தெரிகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை மேல் பப்மெட்டில் அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். ஒரு திரும்பப் பெறல் இருந்தாலே ஆளை ஒதுக்கிவிட வேண்டாம். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. காரணம் அறிவிப்பிலேயே இருக்கும், ஒரு பத்திதான், படித்துவிடலாம். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களில் பெரும்பாலானவை பப்மெட்டின் முக்கியத் தொகுப்பான மெட்லைனில் இடம் பெறுவதில்லை என்பதும் ஒரு வசதி.

கடைசியாக, ஒரு கட்டுரை வந்ததோடு கதை முடிவதில்லை என்பதற்கு நம் கீழாநெல்லியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தண்டையார்பேட்டையிலும் எண்ணூரிலும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் வரும் வைத்தியம். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் லான்செட் இதழில் ஓர் ஆரம்பகட்ட ஆய்வை வெளியிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. கடைசிப் பெயர் பரூக் புளூம்பர்க், ஹெபடைடிஸ் பி-யின் அடையாளத்தைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் வாங்கியவர். இதழ் பெரியது, பெயர் பெரியது, எண்களும் பளிச்சென்று இருந்தன.

1990-ல் அதே லான்செட்டில் தாய்லாந்திலிருந்து ஓர் ஆய்வு: எங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. அதற்குப் பின் பல நாடுகளில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தாலும் கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைத் தீர்க்கும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் சேரவில்லை. 1988 கட்டுரை பொய் என்று யாரும் சொல்லவில்லை, அது தன்னை ஆரம்பகட்ட ஆய்வு என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டது. ஆனால் 1988 கட்டுரையோடு நிறுத்திக்கொண்டவருக்கு இந்தப் பின்கதை தெரியாது. ஒரு கட்டுரையைத் தேடி எடுத்ததும், பப்மெட்டில் அதன் கீழே "மேற்கோள் காட்டியவை" பட்டியலைத் திறந்து, பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

புளூம்பர்க்கின் பட்டியலில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. அவருடைய வேலையில் மக்களுக்கு அதிகம் பயன்பட்ட ஒன்றை பப்மெட்டில் கட்டுரையாகத் தேடினால் கிடைக்காது. கிருமியைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்தே தடுப்பூசி செய்யலாம் என்று அவரும் இர்விங் மில்மனும் 1969-ல் விண்ணப்பித்தது ஒரு காப்புரிமை, அதாவது பேட்டன்ட். பின்னால் அந்த மேலுறைப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் வைத்து, ரத்தமே இல்லாமல் அதைத் தயாரிக்கும் வழி வந்தது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஊசி அப்படித் தயாரான மருந்துதான். ஆகவே ஓர் ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள பப்மெட்டோடு நிறுத்திவிடாமல், பேட்டன்ட் தேடுதளத்திலும் ஒருமுறை அவர் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கேயும் இனிஷியல் பிரச்சினை உண்டு.